உச்சவரம்புக்கு உட்படாத சொத்து

சமூகவியல் இளங்கலை மாணவர்களின் விடைத்தாள்களில் பண்பாட்டு மூலதனம் பற்றிய கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே விடைதான் இருக்கும். படிப்பு, பேச்சு, ரசனை போன்றவையும் பணத்தைப் போலவே ஒருவரை முன்னேற்றும் சொத்து என்ற இக்கருத்தைப் பியர் பூர்தியூ என்ற பிரெஞ்சு அறிஞர் முன்வைத்தார். அது உடலில் பதிந்த நிலை, பொருள்களில் உறைந்த நிலை, நிறுவனம் வழங்கும் நிலை என மூன்று வகைப்படும். பேச்சுத் திறன், புத்தகங்கள், பட்டச் சான்றிதழ் ஆகியவை முறையே அவற்றுக்கு எடுத்துக்காட்டுகள். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு இவ்வளவு போதும். மூன்றரையோ நான்கோ கிடைத்துவிடும். விடையில் பிழை என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. ஆனால் பேச்சுத் திறன் எல்லோரிடமும் ஏதோ ஒரு வகையில் இருக்கிறதே, அது யாரிடம் இருக்கும்போது மூலதனமாகிறது, யாரிடம் இருக்கும்போது வெறும் வாயாடித்தனமாகிறது என்று கேட்டால், நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவரும் திகைத்து நிற்பார். கோட்பாட்டின் உயிர் இருப்பது அந்தக் கேள்வியில். மூன்று வகைப் பட்டியல் அதன் மேலுறை மட்டுமே.

காவிரிப் படுகையில் ஓர் அரசு கலைக் கல்லூரியில் கற்பிக்கிறேன். என் வகுப்பில் இருப்பவர்களில் பெரும்பாலோர் குறு விவசாயிகளின், விவசாயத் தொழிலாளர்களின், கொத்தனார்களின், திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகள். பாடநூல் எடுத்துக்காட்டுகளை அப்படியே அவர்கள் முன் வைத்தால், பாரிசின் அருங்காட்சியகங்களும் ஓபரா அரங்குகளும் மேற்கத்தியச் செவ்விசையும் வரிசையாக வரும். அடுத்த வீட்டு நகைப்பெட்டியைத் திறந்து காட்டுவது போன்ற காரியம் அது. கருத்து புரியாமல் போனால்கூடப் பெரிய கேடு இல்லை, தங்களிடம் இல்லாதவற்றின் பட்டியல் என்று புரிந்துகொண்டுவிடுவதுதான் கேடு. ஏற்றத்தாழ்வு எப்படித் தலைமுறை தாண்டுகிறது என்று விளக்க வந்த கோட்பாடு, கேட்பவரைக் கூனிக் குறுகச் செய்து அனுப்புமானால், தான் குற்றம் சாட்டும் வேலையைத் தானே வகுப்பறையில் செய்து முடிக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆகவே நான் கல்யாணப் பத்திரிகைகளிலிருந்து தொடங்குகிறேன். வீட்டில் பழைய பத்திரிகைகள் கிடந்தால் எடுத்து வாருங்கள் என்பேன். மஞ்சள் தடவிய பத்திரிகையை எங்கள் பக்கத்து வீடுகளில் எளிதில் தூக்கி எறிவதில்லை. சாமி மாடத்திலோ டிரங்குப் பெட்டியின் அடியிலோ ஒன்றிரண்டாவது அகப்படும். சமூகவியல் படிப்பவருக்கு வேண்டிய யாவும் அதில் அச்சாகியிருக்கும். யார் பெயர் முதலில் வருகிறது, எவர் பெயருக்குப் பின் என்ன எழுத்துகள் நிற்கின்றன, தாய்மாமன் எந்த அலுவலகத்தில் என்ன பதவி வகிக்கிறார், பணி முடிந்து பல ஆண்டுகள் ஆன பின்னும் ‘ஓய்வு’ என்ற சொல்லோடு அந்தப் பதவி எப்படிப் பத்திரிகையில் தொடர்கிறது என்று ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்வேன். பட்டத்துக்குப் பின் நம் அச்சகங்கள் தவறாமல் போடும் காற்புள்ளி, இனி வாங்கப்போகும் பட்டத்துக்கு விட்டு வைத்த இடம் என்று ஒரு மாணவர் விளக்கம் சொன்னார். அதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்த இலக்கண நூலிலும் பார்த்ததில்லை.

நிலம் வைத்திருந்த ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பத்திரிகைகள் ஒன்றாகக் கிடைத்துவிட்டால் அன்றைய வகுப்புக்குப் பாடநூலே தேவையில்லை. 1940-களின் பத்திரிகையில் பெண்ணின் தந்தை பெயருக்குப் பக்கத்தில் ‘மிராசுதார்’ என்றிருக்கும். அந்த ஒரு சொல்லுக்குள் வேலி வேலியாக நிலமும், களமும், பண்ணையாட்களும் அடக்கம். அடுத்த தலைமுறையில் அந்தச் சொல் போய் ‘பி.ஏ., பி.எல்.,’ வந்திருக்கும். மூன்றாம் தலைமுறையில் மாப்பிள்ளை அமெரிக்காவில் மென்பொருள் பொறியாளர். ஊர்ப் பெயர் ‘பூர்வீகம்’ என்ற அளவில் சுருங்கியிருக்கும், கல்யாணம் சென்னை மண்டபத்தில் நடக்கும். மூன்றையும் மேசையில் பரப்பிவிட்டு, நிலம் எங்கே போயிற்று என்று கேட்பேன். விற்றுவிட்டார்கள் என்று உடனே பதில் வரும். அப்படியானால் குடும்பம் நொடித்துப் போயிருக்க வேண்டுமே, மண்டபத்தின் பெயரைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே என்ற அடுத்த கேள்விக்கு வகுப்பு கொஞ்ச நேரம் யோசிக்கும். அந்த யோசனையிலிருந்துதான் பாடம் தொடங்குகிறது.

இங்கே வரலாற்றைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிலம் வைத்திருந்த அக்கிரகாரக் குடும்பங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே பிள்ளைகளைக் கும்பகோணம் கல்லூரிக்கும் பின்னர் சென்னைக்கும் அனுப்பி, வக்கீல் தொழிலிலும் அரசுப் பணியிலும் அமர்த்தத் தொடங்கிவிட்டன. குத்தகை நெல் படிப்புச் செலவானது, படிப்பு உத்தியோகமானது. சுதந்திரத்துக்குப் பின் 1952-இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961-இன் நிலச் சீர்திருத்தச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்துக்கேற்பக் கணக்கிடும் ஏக்கர்) என உச்சவரம்பு விதித்தது. 1970-இல் அது 15 தர ஏக்கராகக் குறைக்கப்பட்டது. உச்சவரம்பிலிருந்து தப்ப நிலத்தைப் பிரித்து எழுதினார்கள், அறக்கட்டளை அமைத்தார்கள், வேலைக்காரர் பெயரில்கூடப் பினாமியாக வைத்தார்கள் என்பதெல்லாம் படுகையில் எந்தத் திண்ணையிலும் கேட்கக் கிடைக்கும் கதைகள். ஆனால் படிப்பாக மாறிவிட்ட நிலத்துக்குப் பினாமி தேவைப்படவில்லை. அதற்குச் சர்வே எண் கிடையாது, பட்டா சிட்டா கிடையாது, மிகை நிலம் என்று கையகப்படுத்தி நிலமற்றவருக்குப் பிரித்துக் கொடுக்க எந்த வட்டாட்சியராலும் இயலாது. அது ஒரு மனிதரின் நாவிலும் நடையிலும் இருக்கிறது. அவருடைய பிள்ளைக்குச் சாப்பாட்டு வேளையிலும் மாலைப் பேச்சிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாறுகிறது. முடிவில் பிள்ளையின் சொந்தத் திறமையாக வெளியே தெரிகிறது.

பூர்தியூ சொல்ல வந்தது ஏறத்தாழ இதுதான். கண்ணுக்குத் தெரியும் பரம்பரைச் சொத்தைச் சமூகமும் சட்டமும் எந்த அளவுக்குக் கண்காணிக்கின்றனவோ, அந்த அளவுக்குப் பண்பாட்டு மூலதனத்தின் வழியாக நடக்கும் மறைவான கைமாற்றத்துக்கு எடை கூடுகிறது என்பது மூலதனத்தின் வடிவங்கள் குறித்து அவர் எழுதிய கட்டுரையின் முக்கியமான வாதம். பிரான்சைப் பற்றி எழுதிய அந்த வாதத்துக்குத் தஞ்சாவூர் ஜில்லாவைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 1961-62-இல் தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்து, அதற்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர் சூட்டி 1965-இல் நூலாக வெளியிட்ட சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தெய், சாதி, நில உடைமை, அரசியல் அதிகாரம் மூன்றும் முன்பு ஒரே இடத்தில் குவிந்திருந்த நிலை மாறி, ஒன்றிலிருந்து ஒன்று பிரியத் தொடங்கியதைக் காட்டினார். நிலமும் ஊர் அதிகாரமும் அக்கிரகாரத்தை விட்டு நகர்ந்துகொண்டிருந்தன. அக்கிரகாரத்துப் பிள்ளைகளோ அதற்கு முன்பே, எந்தப் பஞ்சாயத்தும் பங்கு கேட்க முடியாத ஒரு சொத்தோடு ரயில் ஏறியிருந்தார்கள். இது ஒரு சாதியின் கதையாக மட்டும் நின்றுவிடவில்லை என்பதையும் வகுப்பில் சொல்லியாக வேண்டும். நிலமுடைய பிற சாதியினர் பின்னர் இதே பாதையில் சென்றார்கள். இட ஒதுக்கீடும் அரசுப் பள்ளிகளும் நிலமே இல்லாதவர்களிலும் ஒரு பகுதியினரை இந்தப் பாதையில் ஏற்றிவிட்டன. ஆனாலும் முதலில் ஏறியவருக்கும் பின்னால் ஏறியவருக்கும் இடையிலான தலைமுறைத் தொலைவு வட்டி போல வளர்ந்துகொண்டே போகிறது.

பத்திரிகைப் பாடம் அடுத்து எங்கே போகும் என்பதை நான் திட்டமிட வேண்டியதே இல்லை. யாராவது ஒரு மாணவர் கட்டாயம் சொல்லிவிடுவார். “வயக்காட்டைப் பாத்துக்கிட்டு ஊரோட இருக்குற பையனுக்கு யாரு சார் பொண்ணு குடுக்குறா?” ஐந்து ஏக்கர் நஞ்சை வைத்திருக்கும் அண்ணனுக்கு முப்பத்தைந்து வயதாகியும் பெண் அமையவில்லை, பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் தம்பிக்கு ஜாதகம் வந்துகொண்டேயிருக்கிறது. படுகையில் இது வீட்டுக்கு வீடு புலம்பல். அந்த இடத்தில்தான் நான் பூர்தியூவின் ஊருக்குப் போகிறேன். பிரான்சின் தென்மேற்கே ஸ்பெயின் எல்லையை ஒட்டிய பெயார்ன் என்ற விவசாயப் பகுதியில் 1930-இல் பிறந்தவர் அவர். அவருடைய தாத்தா வாரத்துக்குப் பயிர் வைத்தவர்; தந்தை அஞ்சல் துறையில் கடைநிலை ஊழியர். அல்ஜீரியாவில் கபைல் விவசாயிகளிடையே ஆய்வு செய்த அனுபவத்தோடு தன் சொந்தப் பகுதிக்குத் திரும்பிய அவர், அங்கே நிலத்துக்கு வாரிசான மூத்த மகன்கள் கல்யாணம் ஆகாமல் நின்றுபோனதை ஆராய்ந்து 1962-இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். கிறிஸ்துமஸ் காலத்து நடன நிகழ்ச்சியில் நகரத்து உடையும் நகரத்து அசைவும் கற்ற இளைஞர்கள் ஆடிக்கொண்டிருக்க, உழவர் மகன்கள் அரங்கின் ஓரத்தில் வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நிலம் அவர்களிடம்தான் இருக்கிறது. ஆனால் பெண்கள் மதிப்பிடுவது நிலத்தை விட்டு வேறொன்றுக்கு மாறிவிட்டது. உழவின் நடை, உழவின் கை, உழவின் பேச்சு ஆகியவை அந்த அரங்கில் குறையாக எண்ணப்படுகின்றன. அதை அந்த இளைஞர்களும் தங்கள் உடம்பிலேயே உணர்கிறார்கள்.

இந்தக் கட்டுரையைச் சொல்லி முடிக்கும்போது பூர்தியூ என் மாணவர்களுக்கு அந்நியராக இருப்பதில்லை. அவர் வாயில் நுழையாத பெயர் கொண்ட பாரிஸ் பேராசிரியர் என்ற நிலை மாறி, வீட்டில் ஒரு வட்டார மொழியும் பள்ளியில் வேறு மொழியும் பேசி வளர்ந்த, விடுதியில் தங்கிப் படித்த, பெரிய இடத்துப் பிள்ளைகள் நடுவே தன் உச்சரிப்பை எண்ணிக் கூசிய ஒரு கிராமத்துப் பையனாகிவிடுகிறார். வளர்ந்த சூழல் உடம்பில் ஊறவைக்கும் பழக்கங்களுக்கு ஹாபிட்டஸ் என்று அவர் பெயரிட்டார்; அதை விளக்க, அதன் பிறகு அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. துறைத் தலைவர் அறை வாசலில் எவ்வளவு நேரம் நிற்கிறோம், நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னால் அதன் நுனியில் எப்படி உட்காருகிறோம் என்பதை அவர்களே சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். விதி எதுவும் அவர்களை நுனியில் உட்காரச் சொல்லவில்லை. உடம்பு தானாகவே இடத்தைக் கணித்துக்கொள்கிறது.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சமூகவியல் கற்பிப்பவர் ஓர் ஆட்சேபத்தைத் தவிர்க்கவே முடியாது. ராமானுஜன் எந்த மூலதனத்தை வைத்துக் கணிதமேதை ஆனார் என்று எப்படியும் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1964-இல் பூர்தியூவும் ழான்-குளோத் பாசெரோனும் சேர்ந்து வெளியிட்ட நூல் எதிர்த்ததே, படிப்பில் வெற்றி என்பது பிறவிக் கொடை என்ற நம்பிக்கையைத்தான். ராமானுஜனோ பிறவிக் கொடைக்கு உலகமே காட்டும் சான்று. அவருடைய தந்தை ஜவுளிக் கடைக் கணக்கர். பணம் இல்லாத வீடு. ஆனால் அதே வீட்டில் கல்லூரி மாணவர்கள் தங்கிப் படித்தார்கள், அவர்களுடைய கணக்கையெல்லாம் சிறுவன் கற்றுத் தீர்த்தான் என்பதும் அவர் வாழ்க்கை வரலாற்றில் உள்ளதுதான். வறுமையும் கல்விச் சூழலும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம். ஏழை அக்கிரகார வீடும் ஏழைச் சேரி வீடும் ஒன்றல்ல என்பதைச் சொல்ல இதைவிட எளிய வழி இல்லை. மேதைமை இருந்தும் என்ன நடந்தது என்பதுதான் இதில் எனக்கு முக்கியம். 1904-இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த அவர், ஆங்கிலக் கட்டுரையில் தேறாததால் அந்த உதவித்தொகையை இழந்தார். பிறகும் இடைநிலைத் தேர்வில் அவரால் தேற முடியவில்லை. கணிதத்தில் அவர் எவ்வளவு தூரம் போனார் என்று அளக்க அந்தத் தேர்வு முறையில் கோலே இருக்கவில்லை. அளக்கத் தெரிந்த ஒருவர் கேம்பிரிட்ஜில் இருந்து, கடிதத்தைப் படித்து, அழைத்துக்கொண்டதால்தான் 1916-இல் அவருக்குப் பட்டமும் 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் தகுதியும் கிடைத்தன. கொடை பிறவியில் வந்திருக்கலாம்; அதைச் செல்லுபடியாக்கிய முத்திரை எங்கிருந்து வந்தது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

செல்லுபடியாதல் என்ற இந்தக் கருத்தைப் பிடித்துக்கொள்ளாமல் பண்பாட்டு மூலதனத்தைக் கற்பிக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். எந்த அறிவும் தன்னளவில் மூலதனம் ஆவதில்லை. அதை எண்ணிக் கணக்கில் வைக்கும் ஒரு களம் வேண்டும். அறுவடை முடிந்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் வரிசையில் நிற்கும் விவசாயியை எடுத்துக்கொள்ளலாம். நெல்மணியைப் பல்லில் வைத்துக் கடித்து, நொறுங்கும் ஓசையிலேயே காய்ச்சல் போதுமா என்று அவர் சொல்லிவிடுவார். குறுவைக்கு எந்த ரகம், தாளடிக்கு எந்த ரகம், ஆற்றில் தண்ணீர் எட்டிப் பார்த்த எத்தனையாவது நாளில் தன் வாய்க்காலின் கடைமடைக்கு வந்து சேரும், மடையை எப்போது அடைத்தால் மேல் வயல்காரனோடு சண்டை வராது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இது பல ஆண்டுகள் உடம்பில் ஏற்றிக்கொண்ட அறிவு. பூர்தியூ சொல்லும் முதல் வகைக்கு உரிய இலக்கணம் அனைத்தும் இதற்குப் பொருந்தும். தந்தையிடமிருந்து மகனுக்குப் போகிறது. விலைக்கு வாங்க முடியாது. கற்க நெடுங்காலம் பிடிக்கும். ஆயினும் கொள்முதல் நிலையத்தில் செல்லுபடியாவது ஈரப்பதமானி காட்டும் எண் மட்டுமே. 17 சதவீதத்துக்கு மேல் போனால் மூட்டை திரும்பிவிடும். மழைக் காலங்களில் மாநில அரசே தளர்வு கேட்டு ஒன்றிய அரசுக்கு எழுத வேண்டியிருக்கிறது. அதே விவசாயியின் மகள் வேளாண்மை இளங்கலை முடித்து வேளாண் அலுவலராக வந்தால் அவளுடைய சொல்லுக்கு அலுவலகத்தில் மதிப்புண்டு. அப்பாவுக்குத் தெரிந்ததில் பாதி அவளுக்குத் தெரியாமல் இருந்தாலும் உண்டு. கருவி வேண்டாம், பல்லே போதும் என்று நான் வாதிடவில்லை. பொதுப் பணத்தில் கொள்முதல் செய்பவர்களுக்குப் பொது அளவுகோல் வேண்டும். எது அறிவு என்பதும் எது மூலதனம் என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்று காட்டுவதே நோக்கம். இந்த எடுத்துக்காட்டுக்குப் பின்னரே, தங்கள் வீட்டில் எதுவுமே இல்லை என்ற எண்ணம் என் மாணவர்களிடமிருந்து விலகத் தொடங்குகிறது.

ஆனால் பூர்தியூவை அப்படியே படுகையில் நட்டுவிட முடியாது. அவருடைய பிரான்சில் உயர்ந்ததாக மதிக்கப்படும் கலையில் தேர்ச்சி உள்ளவருக்கு அந்தத் தேர்ச்சியே மதிப்பைக் கொண்டுவரும். இங்கே அப்படி நடக்கவில்லை. நாகசுரமும் சதிராட்டமும் இந்த மண்ணின் கோயில்களிலும் அரண்மனையிலும் பல தலைமுறைகளாக இசை வேளாளர் குடும்பங்களின் உடம்பில் வாழ்ந்த கலைகள். இன்று பரதநாட்டிய அரங்கில் அலாரிப்பு முதல் தில்லானா வரை ஆடப்படும் வரிசையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை அரண்மனையில் ஒழுங்கு செய்தவர்கள் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள். அவ்வளவு பெரிய தேர்ச்சியைக் கையில் வைத்திருந்த குடும்பங்களின் பெண்கள் இழிவுப் பேச்சுக்கு ஆளானார்கள். 1930-களில் சதிராட்டம் பரதநாட்டியம் என்று பெயர் மாறிச் சென்னை மேடைக்குப் போய், உயர்சாதி வீட்டுப் பெண்கள் கற்கத் தொடங்கிய பிறகு அது நாட்டின் செவ்வியல் கலையாயிற்று. 1947-இன் தேவதாசி ஒழிப்புச் சட்டம், கோயிலோடு அந்தப் பெண்களுக்கு இருந்த பிணைப்பைச் சட்டப்படி அறுத்தது. அந்தச் சட்டத்துக்கு வலுவான நியாயங்கள் இருந்தன. அதற்காகப் போராடியவர்களில் முதன்மையானவரான முத்துலட்சுமி ரெட்டியின் தாயே அந்தச் சமூகத்திலிருந்து வந்தவர். ஆனால் மூலதனத்தின் கணக்கில் பார்த்தால், கலை கைமாறிய பின்புதான் அதன் மதிப்பு ஏறியது. திருவையாற்றில் தியாகராசர் சமாதியின் மேல் 1920-களில் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கோயில் எழுப்பியவர், தேவதாசி மரபில் வந்த பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். பணமும் இருந்தது, இசையும் இருந்தது. அங்கு நடந்த ஆராதனையிலோ பெண்கள் பாட இடம் இல்லாதிருந்தது. எந்தக் களத்திலும் உள்ளே விடும் வாசலில் சாதியும் பாலினமும் காவல் நிற்கின்றன என்பதைச் சேர்க்காமல் இந்தக் கோட்பாட்டை இங்கே கற்பித்தால் பாதிப் பாடம்தான் நடந்ததாகக் கொள்ள வேண்டும்.

இதெல்லாம் வரலாறு. மாணவர்களின் நிகழ்காலத்தில் இந்தக் கருத்து எங்கே கடிக்கிறது என்றால், விதிகளை அறிவதில்தான். பொறியியல் கலந்தாய்வை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு 2006-இன் சட்டத்தின் மூலம் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை நீக்கிப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையே அடிப்படையாக்கியது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய கதவைத் திறந்தது. ஆனால் கலந்தாய்வில் 200-க்கு ஒரே கட்-ஆப் எடுத்த இரண்டு பேர் ஒரே தரமான கல்லூரியில் சேர்வதில்லை. கல்லூரிகளை எந்த வரிசையில் இட வேண்டும், சென்ற ஆண்டு எந்தப் பிரிவு எந்த மதிப்பெண்ணில் முடிந்தது, விளம்பரப் பலகை பெரிதாக இருக்கும் கல்லூரியில் ஏன் சேரக் கூடாது என்பதை ஒருவருக்கு வீட்டில் இருக்கும் மாமா சொல்கிறார். இன்னொருவருக்குக் கடைத்தெருவில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் அண்ணன், அடுத்த ஆள் வரிசையில் நிற்கும் அவசரத்தில், தனக்குத் தோன்றிய வரிசையில் தட்டிவிடுகிறார். மதிப்பெண் சமம், பட்டியல் சமம் இல்லை. அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்த அனெட் லரோ, நடுத்தர வர்க்கப் பெற்றோர் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று வழியிலேயே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதையும், உழைக்கும் வர்க்கப் பிள்ளைகள் நிறுவனத்தின் முன் பணிந்து ஒதுங்கக் கற்பதையும் பதிவு செய்தார். எங்கள் கல்லூரியில் அதற்கு ஈடு விடைத்தாள் நகல் கேட்பது. ஒரு தாளில் எதிர்பாராமல் தோற்றுவிட்டால், ஆசிரியர் வீட்டுப் பிள்ளை அன்றே நகலுக்கு விண்ணப்பித்து, கூட்டலைச் சரிபார்த்து, மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டிவிடுவார். இன்னொரு மாணவர் தன் படிப்பு அவ்வளவுதான் என்று முடிவு செய்து அடுத்த பருவத்தில் அரியர் எழுதுவார். அவருக்கு உரிமை இருக்கிறது என்று யாரும் மறுக்கவில்லை. கேட்கலாம் என்பதே அவருக்குத் தோன்றவில்லை.

ஆகையால் ஆளுமை வளர்ச்சிப் பயிற்சி என்ற பெயரில் நடத்தப்படும் முகாம்கள் மீது எனக்கு மதிப்பு குறைவு. கைகுலுக்கும் விதம், டை கட்டும் விதம், நான்கு ஆங்கில வாக்கியங்களில் தன்னை அறிமுகம் செய்யும் விதம் என்று மேல்பூச்சைக் கற்றுத்தந்து, உள்ளே இருப்பதை மறைக்கச் சொல்கிறார்கள். பூர்தியூவும் பாசெரோனும் தங்கள் நூலின் முடிவில் கேட்டது வேறு. பள்ளி சொல்லாமல் எதிர்பார்க்கும் எல்லாவற்றையும் சொல்லிக் கற்பிக்கும் ஒரு பயிற்று முறையைக் கேட்டார்கள். கட்டுரை விடைக்கு முன்னுரை எதற்கு, ஒரு வாதத்தை எப்படி எதிர்ப்பது, ஆசிரியரை மறுத்து எழுதினால் மதிப்பெண் குறையுமா, நகல் கேட்கக் கடைசி நாள் எது, உதவித்தொகைப் படிவத்தின் எந்தக் கட்டம் தவறினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்பவை அதில் அடங்கும். இவை ஒரு கரும்பலகையில் எழுதிப் போடக்கூடிய செய்திகள். எழுதிப் போட்ட அன்றே அவற்றைப் பரம்பரையாகப் பெற்றவர்களின் முன்னுரிமை கொஞ்சம் தேய்கிறது. கோட்பாட்டை எளிமையாக்குவது என்றால் எனக்கு இதுவும் அதில் சேர்த்தி.

தமிழ்நாட்டு மாணவர்களுக்குக் கிடைத்திருக்கும் மிகச் சிறந்த பாடப்பொருளை அரசே அச்சடித்துக் கொடுக்கிறது. அதுதான் முதல் பட்டதாரிச் சான்றிதழ். குடும்பத்தில் பட்டம் பெற்றவர் வேறு எவரும் இல்லை என்று வருவாய்த் துறை விசாரித்துச் சான்றளிக்கிறது. 2010-11 கல்வியாண்டில் தொடங்கிய திட்டத்தின்படி தொழிற்கல்வியில் சேரும் அந்த மாணவருக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. பண்பாட்டு மூலதனம் இல்லை என்பதை ஓர் அரசு முத்திரையிட்டு உறுதிசெய்யும் வேறு ஆவணத்தை நான் கேள்விப்பட்டதில்லை. 2020-இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டின் பின்னணியிலும் இதே சிந்தனைதான் இருக்கிறது. வருமானமும் சாதியும் சொல்லாத ஏதோ ஒன்று பிள்ளைகளின் படிப்பைத் தீர்மானிக்கிறது என்று சட்டமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்த ஏதோ ஒன்றுக்குத்தான் சமூகவியல் பெயர் வைத்திருக்கிறது.

இந்தச் சான்றிதழில் ஒரு நிபந்தனை உண்டு. அக்கா ஏற்கெனவே பட்டம் வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடைக்காது. ஒருவர் பட்டம் பெற்ற கணத்தில் குடும்பம் முழுவதும் மூலதனம் உள்ள குடும்பமாகிவிட்டது என்று விதி எடுத்துக்கொள்கிறது. வகுப்பில் இதைப் பற்றிய வாதம் எப்போதும் சூடாகத்தான் நடக்கும். “அக்கா பேரு இப்ப வேற வீட்டு ரேஷன் கார்டுல இருக்கு சார், அது படிச்ச படிப்பு மட்டும் எங்க வீட்டுக் கணக்குல நிக்குது” என்றார் ஒரு மாணவர். கல்யாணமாகிப் போன பெண்ணின் படிப்பு எந்த வீட்டின் சொத்து என்ற கேள்வியைப் பூர்தியூவைப் படிக்காமலேயே அவர் எழுப்பிவிட்டார். அவரை மறுத்துப் பேசிய மாணவிக்கும் வலுவான கட்சி இருந்தது. அவளுடைய அக்கா புகுந்த வீட்டிலிருந்து போனிலேயே இவளுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்து, சேர்க்கைக்கு எந்தெந்தச் சான்றிதழ் வேண்டும் என்று பட்டியலும் அனுப்பியிருக்கிறாள்; அக்கா படித்ததால் தனக்கு எதுவும் வரவில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும் என்றாள் அவள். விதி சரியா என்று கேட்டால் நான் மாணவரின் பக்கம்தான். ஒரு பி.ஏ. பட்டம் ஒரே தலைமுறையில் ஒரு வீட்டை மாற்றிவிடும் என்பது, மூன்று தலைமுறையாக நிலத்தைப் படிப்பாக மாற்றியவர்களின் வேகத்தை நிலமே இல்லாதவர்களிடம் எதிர்பார்ப்பதாகும். ஆனால் மூலதனம் எப்படி நகர்கிறது என்பதைச் சரியாகப் பார்த்திருந்தவள் அந்த மாணவிதான். அவளுக்குக் கிடைத்ததை எந்தச் சான்றிதழும் அளக்காது, அதே நேரத்தில் ராத்திரி பத்து மணிக்கு மேல் போனை எடுத்துப் பேச அக்காவுக்கு அனுமதி இருக்கும் வரைக்கும்தான் அது கிடைத்துக்கொண்டிருக்கும் என்பதையும் அவளே சொன்னாள்.